சாமி பட்ட கடன்

சாமிக்குக் கடன் உண்டா என்று கேட்டால் எங்கள் ராயபுரம் கல்மண்டபத்தில் யாரும் திகைக்க மாட்டார்கள். திருப்பதிப் பெருமாள் கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் வாங்கியதும், அதற்கு வட்டி கட்டத்தான் உண்டியல் வைத்திருப்பதும் டீ மாஸ்டர் வரை எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. "வட்டியே இன்னும் முடியல, அசல் எப்ப முடியறது?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் தன் மீட்டர் வட்டிக் கதையை ஆரம்பித்துவிடுவார். கடன்காரன் வாசலில் வந்து நிற்பது எப்படியிருக்கும் என்று அறிந்த பேட்டை இது. கடன்பட்ட சாமியை எங்களுக்குச் சட்டென்று பிடித்துப்போகும்.

சைவ சித்தாந்தம் முறையாகப் படித்தவரிடம் இதே கேள்வியைப் போட்டால் பதில் வேறு. இறைவனுக்கு எட்டுக் குணம் சொல்வார்கள். திருக்குறளின் கடவுள் வாழ்த்துக்கு உரை எழுதும்போது பரிமேலழகரும் அந்தப் பட்டியலைத் தருகிறார். தன்வயத்தன் ஆதல் அதில் முதலாவது: யாரையும் எதையும் சார்ந்து நிற்காதவன். கடைசியாக வரம்பில்லாத இன்பம் உடைமை. குறையே இல்லாதவன் எதை வாங்குவான், வாங்காதவனுக்கு ஏது கடன்? சென்னைத் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவன் நான். கப்பலிலிருந்து இறங்கிய மூட்டையும் லாரியில் ஏறிய மூட்டையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. இறங்காத சரக்கை ஏற்றியதாக எழுத முடியாது. சித்தாந்தியின் வாதமும் அந்த வகைக் கணக்குதான், எங்கே தட்டினாலும் ஓட்டைச் சத்தம் கேட்காது.

கேட்கிற இடம் ஒன்று இருக்கிறது. அது திருவையாறு.

என் மனைவிக்குப் பிறந்த ஊர் கண்டியூர். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் பஸ் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு என்று பாலம் பாலமாக ஏறி இறங்கி, குடமுருட்டிக்கு முன்னால் அங்கே நிற்கும். அதற்கு அப்புறம் காவிரி, அக்கரையில் ஐயாறப்பர் கோயில். கல்யாணமான புதிதில் சித்திரை மாதம் மாமியார் வீட்டுக்குப் போனபோது மச்சான் கூப்பிட்டார்: "மாப்ளே, ஏழூர் வாறீங்களா? சாமியோட சேந்து நடக்கறது." எங்கே போய்ச் சேரும் என்று கேட்டேன். "எங்கயும் போய்ச் சேராது. ஐயாத்துல கிளம்பி ஐயாத்துக்கே வந்துரும்." துறைமுகத்துக்காரன் காதில் அது விழுந்த விதத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றிய இடத்திலேயே இறக்குகிற சரக்கை நாங்கள் பார்த்ததில்லை.

கதை இப்படி. சிலாத முனிவர் யாகத்துக்காக நிலத்தை உழுதபோது கிடைத்த பெட்டிக்குள் இருந்த பிள்ளை நந்தி. ஐயாறப்பர் அவரைத் தன் பிள்ளையாகவே வைத்துக்கொண்டு, கணங்களுக்கெல்லாம் தலைவராக்கி, வயது வந்ததும் பெண் பார்த்தார். பெண் சுயசாம்பிகை, வியாக்கிரபாத முனிவரின் மகள். கல்யாணம் கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடியில். பங்குனிப் புனர்பூசத்தில் இன்றைக்கும் அந்தக் கல்யாணம் நடக்கிறது. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டு, வரன் அமையாத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றவர்கள் வருவார்கள்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர் உலகத்தையே படைத்துக் காத்து அழிப்பவர். நினைத்தால் சமையற்கட்டு, பந்தல், பந்தி எல்லாம் நிமிஷத்தில் நின்றிருக்கும். அவர் நினைக்கவில்லை, அக்கம்பக்கத்தில் கேட்டார். திருப்பழனத்திலிருந்து பழம் வந்தது. திருச்சோற்றுத்துறையிலிருந்து சோறு. திருவேதிகுடியிலிருந்து வேதம் ஓதுபவர்கள். திருப்பூந்துருத்தியிலிருந்து பூ, திருநெய்த்தானம் என்கிற தில்லைஸ்தானத்திலிருந்து நெய். கண்டியூர் கொடுத்தது என்ன என்பதில்தான் பேச்சு மாறும். நகை என்பார்கள் சிலர், பாத்திரம் என்பார்கள் சிலர். என் மாமியார் வீட்டில் நகைதான். பாத்திரம் என்று சொன்னால் அன்றைக்குக் காப்பி கிடைக்காது.

மொய் நோட்டு வைத்திருக்கிற எந்தக் குடும்பத்துக்கும் அடுத்தது என்னவென்று தெரியும். சித்திரையில், பௌர்ணமியை ஒட்டி வரும் விசாகத்தன்று, ஐயாறப்பர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கொடுத்தவர்கள் வீட்டுக்குக் கிளம்புகிறார். கண்ணாடிப் பல்லக்கில் அவரும் அறம்வளர்த்த நாயகியும். வெயிலில் புது மாப்பிள்ளை வாடக்கூடாது என்று நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் வெட்டிவேர்ப் பல்லக்கு. ஊருக்கு ஊர் அங்கேயிருக்கும் சாமி தன் பல்லக்கில் எல்லைக்கு வந்து அழைத்துக்கொண்டு போகும், பிறகு அதுவும் சேர்ந்துகொண்டு அடுத்த ஊருக்கு வரும். கடைசியில் ஏழு ஊர்ச் சாமிகளின் பல்லக்கும் சேர்ந்துவிடும். அதிகாலையில் கிளம்பினால் வீடு திரும்ப மறுநாள் ஆகும்.

வழியைச் சொல்கிறேன். திருவையாற்றிலிருந்து கிழக்கே, காவிரியின் வடகரையோடு திருப்பழனம். அங்கிருந்து தெற்கே ஆற்றைக் கடந்து சோற்றுத்துறை. பிறகு வேதிகுடி, கண்டியூர், அப்புறம் மேற்கே குடமுருட்டிக் கரையில் பூந்துருத்தி. அங்கிருந்து வடக்கே மறுபடி காவிரியைக் கடந்தால் தில்லைஸ்தானம், அதற்குப் பக்கத்தில் ஐயாறு. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. ஊர்களே ஒரு பிராகாரமாக அமைந்து, சாமி அதை வலமாக வருகிறது.

சித்திரையில் ஆற்றில் தண்ணீர் இருக்காது. மேட்டூரை ஜனவரி 28-இல் மூடினால் வழக்கமாக ஜூன் 12-க்குத்தான் திறப்பார்கள். ஆகவே காவிரியைக் கடப்பது என்றால் மணலில் நடப்பது. விடியற்காலையில் அந்த மணல் ஈரத்தோடு பாதத்தில் ஒட்டும், பத்து மணிக்கு மேல் அதே மணல் வறுகடலைச் சட்டி. பல்லக்குத் தூக்குகிறவர்களின் கால் புதையும், தண்டு ஒரு பக்கம் சாயும், பின்னாலிருப்பவர் "ஏத்துப்பா, ஏத்து" என்று குரல் கொடுப்பார். கரை ஏறினால் படுகை. மூங்கில் கொத்து, தென்னை, நடுவே வாழைக்கொல்லை, வெற்றிலைக் கொடிக்கால். கொடிக்காலின் ஓரமாகப் போகும்போது காற்றே மாறிவிடும், பச்சைக் காரம் கலந்த ஒரு குளிர்ச்சி. வாழைக்கொல்லைக்குள் பாதை குறுகும் இடங்களில் பல்லக்குக்கு வழிவிட்டு ஜனங்கள் வாய்க்கால் பக்கம் இறங்கி நிற்பார்கள். காய்ந்த சருகு காலடியில் நொறுங்குவதும் நாகசுரமும் சேர்ந்து கேட்கும். கூப்பிடு தூரத்துக்கு ஒரு பந்தலில் நீர்மோர், பானகம், பனையோலை விசிறி. கல்மண்டபத்தில் வளர்ந்தவனுக்கு மரம் என்பது கார்ப்பரேஷன் நம்பர் ஒட்டியது. இத்தனை பச்சைக்கு நடுவில் முதலில் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

பந்தல்களுக்கும் ஒரு வேர் உண்டு. திருப்பழனத்தை அடுத்த திங்களூர் அப்பூதியடிகளின் ஊர். அப்பரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தன் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்து, அவர் பெயரிலேயே தண்ணீர்ப்பந்தலும் வைத்தவர். வழியில் வந்த அப்பர் தன் பெயரில் பந்தலைப் பார்த்துத் திகைத்து நின்றார் என்பது பெரியபுராணம். பந்தல் வைத்தவர் பெயரைப் பெரிதாக எழுதி, தலைவர் படத்தை அதைவிடப் பெரிதாகப் போடும் நம் காலத்து நீர்மோர்ப் பந்தல்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

சித்தாந்தியின் கேள்விக்கு வருகிறேன். குறையில்லாதவன் ஏன் வாங்கினான்? வழக்கமான பதில் ஒன்று இருக்கிறது: எல்லாம் திருவிளையாடல், நமக்காக அப்படி நடித்துக் காட்டினான். இதை என்னால் ஏற்க முடிந்ததில்லை. வாங்கியது நடிப்பு என்றால் நன்றி சொல்லப் போவதும் நடிப்பாகிவிடும். சோற்றுத்துறைக்காரர்கள் பொங்கிப் போட்ட சோறு நிஜம், அதற்குக் கைம்மாறு வேஷம் என்றால் அது கொடுத்தவனுக்கு அவமானம். சோற்றுத்துறையில் ஒரு பஞ்சத்தில் வாடிய அடியாருக்கு அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைக் கொடுத்தவரும் சிவன்தான் என்கிறது தலபுராணம். அந்த ஊரிலேயே போய்ச் சோறு கேட்டிருக்கிறார் பாருங்கள். கொடுத்துக்கொண்டே இருப்பவனிடம் ஒரு கர்வம் வந்துவிடும். அவன் முன்னால் எல்லோரும் கையேந்தியே நிற்க வேண்டியிருக்கும். கை நீட்டி வாங்கவும் தெரிந்தவனிடம்தான் மற்றவன் நிமிர்ந்து நிற்க முடியும். மதுரையில் உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கி மண் சுமந்தார், பிரம்படியும் பட்டார். தமிழ்நாட்டுச் சிவனிடம் இந்தப் பழக்கம் பழையது. தன்வயத்தன் என்ற குணத்துக்கு நான் புரிந்துகொண்ட பொருள் இது: பிறரைச் சார்ந்து நிற்கச் சம்மதிக்கும் சுதந்திரமும் அவனுக்கு உண்டு. வித்துவான்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இதற்கு ஏன் சுற்றி வர வேண்டும் என்று கேட்கலாம். ஆறு ஊர்க்காரர்களையும் ஐயாற்றுக்கு வரச்சொல்லி மரியாதை செய்து அனுப்பியிருக்கலாமே? அப்படிச் செய்தால் அது தர்பார். கடன்பட்டவன்தான் நடக்க வேண்டும், கொடுத்தவன் வாசல் வரை போக வேண்டும், எல்லா வாசலுக்கும் போக வேண்டும். எல்லா வாசலுக்கும் போய்விட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பினால் அந்தப் பாதை தானாகவே வட்டமாகிவிடுகிறது. காசிக்குப் போவதும் ராமேசுவரம் போவதும் வேறு வகை. அங்கே நமக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை நோக்கிப் போகிறோம். வலம் வருகிறவன் வாங்கியாயிற்று, இப்போது ஒப்புக்கொள்கிறான்.

அப்பருக்கே ஐயாற்றில் இந்தப் பாடம் நடந்தது. கயிலையை நேரில் கண்டே தீருவேன் என்று வடக்கே போனார். கால் தேய்ந்து, கையால் ஊர்ந்து, பிறகு உடம்பால் உருண்டு போனார். வழியில் முனிவராக வந்த சிவன் திரும்பிப் போகச் சொன்னதும் மறுத்தார். கடைசியில் அங்கேயிருந்த குளத்தில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றுக் குளத்தில் எழவைத்தார். எழுந்தவர் கண்டது யானையும் பிடியும், சேவலும் பெட்டையும், குயிலின் இணையும். ஐயாற்றைச் சுற்றி எப்போதும் இருந்தவைதான், இப்போது சிவமும் சக்தியுமாகத் தெரிந்தன. ஆடி அமாவாசையன்று அந்தக் காட்சியைத் திருவையாற்றில் கொண்டாடுகிறார்கள். அத்தனை மைல் உருண்டவரைத் திருப்பி அனுப்பியது கொடுமை என்று என் மனைவி சொல்வாள். எனக்கும் கொஞ்சம் அப்படித் தோன்றும். ஆனால் பிற்பாடு பூந்துருத்தியில் மடம் கட்டிக்கொண்டு இருந்த அதே அப்பர், சம்பந்தர் வருகிறார் என்றதும் கூட்டத்தோடு கூட்டமாகப் பல்லக்குத் தண்டுக்குத் தோள் கொடுத்தார். அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்டபோது கீழேயிருந்து பதில் வந்தது. ஏழூர்ப் பல்லக்கு பூந்துருத்தியில் தோள் மாற்றும்போது யாராவது ஒரு கிழவர் அந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க மாட்டார்.

வட்டமாகச் சுற்றுவது உலகத்தில் நமக்கு மட்டும் தெரிந்ததில்லை. கயிலையைச் சுற்றி ஏறக்குறைய 52 கிலோமீட்டர் நடக்கும் திபெத்தியப் பௌத்தர்கள் வலமாகப் போகிறார்கள், பொன் (Bon) சமயத்தார் இடமாகப் போகிறார்கள். இரண்டு பேரும் எதிரெதிரே சந்தித்து ஒதுங்கி வழிவிட்டுக்கொள்வார்களாம். நர்மதையை வலம் வருபவர்கள் 1,312 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆற்றின் ஒரு கரையில் போய் மறு கரையில் திரும்புகிறார்கள். நடுவில் எங்கேயும் ஆற்றைக் கடக்கக் கூடாது என்பது விதி. ஏழூரில் நேர் எதிர், கடக்காவிட்டால் நடையே இல்லை. துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த ராயபுரத்து பாய் ஒருவர் ஹஜ் போய்வந்து சொன்னார்: "கஅபாவை ஏழு சுத்து சுத்தறோம், இடது பக்கமா. நெஞ்சு அந்தப் பக்கம்தானே இருக்கு." வலமோ இடமோ, நடுவில் இருப்பதை முதுகுக்குப் பின்னால் விடாமல் நடப்பது எல்லோருக்கும் பொது.

சுற்றுவது எத்தனை கனமான காரியம் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கல்மண்டபத்தில் பஸ் ஏறினால் அரை மணியில் திருவொற்றியூர். அங்கே சுந்தரர் சங்கிலியாரை மணக்க ஆசைப்பட்டார், உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டிவந்தது. கோயிலுக்குள் சத்தியம் செய்யும்போது நீ கருவறையில் இராதே, வெளியே மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று சிவனிடமே ஏற்பாடு செய்துகொண்டார். சிவன் தலையாட்டிவிட்டு, சங்கிலியார் கனவில் போய், மகிழடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் பேசிய இந்தத் தரகு வேலையை நான் மெச்சவில்லை, ஆனால் சங்கிலியார் பக்கம் நியாயம் இருந்தது. சுந்தரர் வேறு வழியில்லாமல் மகிழ மரத்தை மூன்று முறை வலம் வந்து சத்தியம் செய்தார். பிறகு திருவாரூர் வசந்த விழா நினைவு வந்து கிளம்பினார், ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று அதை இன்றும் நடத்துகிறார்கள். வாயால் சொன்ன சொல்லுக்கு ஆயிரம் சாக்கு உண்டு. காலால் சுற்றிச் சொன்ன சொல்லுக்கு அந்தச் சலுகை இல்லாமல் போயிற்று.

கண்ணிழந்து தடவிக்கொண்டே போன சுந்தரருக்கு ஊன்றுகோல் கிடைத்த இடம் திருவெண்பாக்கம், கொசஸ்தலையாற்றின் கரை. 1944-இல் கட்டி முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்தில் அந்தப் பழைய தலம் மூழ்கியது. கோயிலை எடுத்து வேறிடத்தில் வைத்தார்கள். அந்த ஏரித் தண்ணீரையும் சென்னை குடிக்கிறது. அதே கொசஸ்தலையாறு கடைசியாக வந்து கடலில் கலக்கும் இடம் எண்ணூர் முகத்துவாரம்.

சாமி சுற்றி வருகிற பேச்சு வந்தாலே எங்கள் தொழிற்சங்கத்துத் தோழர் ஒருவர் குறுக்கே வருகிறார். கறுப்புச் சட்டைக்காரர், நல்ல மனிதர், நான் ஏழூர் போய்வந்த கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரே கேள்வி: "உங்க சாமி எந்தத் தெருவுக்குள்ள வராதுன்னு சொல்லுங்க." சிரித்து மழுப்பக்கூடிய கேள்வி இல்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் தேர் ஒரு முனையோடு திரும்பிவிடும். சிவகங்கைப் பக்கம் கண்டதேவியில், வடம் பிடிக்கும் உரிமையில் தலித்துகளுக்கும் பங்கு உண்டா என்ற வழக்கில் பல வருஷம் தேரே ஓடாமல் நின்று, 2024 ஜூனில்தான் ஓடியது. வட்டம் போட்டால் உள்ளே சிலர், வெளியே சிலர் என்றாகிவிடுகிறது. சோற்றுத்துறை சோறு கொடுத்தது என்கிறோமே, அந்த நெல்லை நட்டவர்கள், அறுத்தவர்கள் எந்தத் தெருவில் இருந்தார்கள்? மொய் நோட்டில் ஊர்ப் பெயர் இருக்கிறது, ஆள் பெயர் இல்லை.

தோழர் இதைச் சொல்லிவிட்டு, ஆகவே சாமி பொய் என்று முடிப்பார். எனக்கு வேறு முடிவு வருகிறது. வலம் என்பது கடனை ஒப்புக்கொள்வது என்றால், எந்த வலத்தையும் ஒரே கேள்வியால் நிறுத்துப் பார்த்துவிடலாம்: கொடுத்தவர்களில் யார் வாசலுக்குப் போகவில்லை? போகாத வாசல் ஒன்று இருந்தாலும் கணக்கு ஒத்துவரவில்லை. சாமியே ஆனாலும் டேலி ஆகவில்லை என்றுதான் எழுதுவேன்.

கல்மண்டபத்துக் கணக்கையும் பார்த்துவிடலாம். நாங்கள் துறைமுகத்துக்கு எதிர்வாடையில் இருந்தோம். நிலக்கரியும் இரும்புத்தாதும் இறங்கி ஏறிய காலத்தில் மாடியில் வேட்டி காயப்போட முடியாது. சாயங்காலம் எடுத்தால் மடிப்புக்கு மடிப்பு கறுப்புப் பொடி. திண்ணையைத் துடைத்த துணியைப் பிழிந்தால் மை. வழக்கு நடந்தது, சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, 2011 அக்டோபர் முதல் அந்த இரண்டு சரக்கும் சென்னைத் துறைமுகத்தில் நின்றுபோயின. எங்கள் தெருவில் சந்தோஷம். கரி எங்கேயும் மறைந்துபோகவில்லை, எண்ணூருக்குப் போயிற்று. அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையத்துச் சாம்பல் இருந்தது. முகத்துவாரத்தில் இறால் தடவிப் பிழைத்தவர்கள் முழங்கால் ஆழச் சாம்பல் சேற்றில் நின்றார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அதே கொசஸ்தலையாற்றில் கச்சா எண்ணெய்க் கழிவு கலந்தது. வலை, படகு, அலையாத்திச் செடியின் வேர், கூழைக்கடாவின் இறகு எல்லாம் கறுத்தன. எங்கள் வேட்டி வெளுத்ததற்கு அங்கே யாரோ மொய் எழுதியிருக்கிறார்கள். இதுவரை நாங்கள் அந்த வாசலில் போய் நின்றதில்லை.

கொடுத்தது எண்ணூர் மட்டும் இல்லை. எங்கள் குப்பையைக் கொடுங்கையூர் வாங்கிக்கொள்கிறது. பெட்ரோல் மணலியிலிருந்து வருகிறது, அதன் வாடை மணலிக்காரர்களோடு நின்றுவிடுகிறது. மீன் காசிமேடு. காசிமேட்டுக்காவது நாங்கள் போகிறோம், மாசி மகத்தன்று சாமிகளும் தீர்த்தவாரிக்கு அங்கே வருகின்றன. மற்ற இடங்களுக்குச் சாமியும் போனதில்லை, நாங்களும் போனதில்லை.

ராயபுரம் வட்டாரத்துக் கோயில் நிர்வாகிகளிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். மாசி மகத்துக்குச் சாமியைக் கடற்கரையோடு திருப்பிக் கொண்டுவராமல் ஒரு வருஷமாவது இந்த ஊர்களைச் சுற்றி அழைத்து வாருங்கள். எங்கள் பேட்டையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் ஏழு வராது, ஐந்துதான் தேறும், பரவாயில்லை. பாதையில் மூங்கிலும் கொடிக்காலும் கிடையாது, எண்ணூர்ப் பக்கம் மிச்சமிருக்கும் அலையாத்திதான் காடு, கொசஸ்தலைதான் ஆறு. டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் போவதால் போலீஸ் அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். மணலி வரை தண்ணீர்ப்பந்தல் பொறுப்பைத் துறைமுக ஓய்வூதியர்கள் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். கறுப்புச் சட்டைத் தோழர் மோர் ஊற்றச் சம்மதித்திருக்கிறார், சாமிக்கு முன்னால் நிற்க மாட்டேன், நடக்கிறவர்களுக்கு ஊற்றுவேன் என்ற நிபந்தனையோடு.

வழியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வசதிக்காகக் காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரமாகவே தொடங்கிவிடாதீர்கள், அது இடமாகச் சுற்றுவதாகிவிடும். வலமாக வரவேண்டுமென்றால் கல்மண்டபத்திலிருந்து மேற்கே திரும்பி, முதலில் கொடுங்கையூர்க் குப்பை மேட்டு வாசலுக்குப் போக வேண்டும். பிறகு மணலி, எண்ணூர், அங்கிருந்து திருவொற்றியூர் வழியாக வர வேண்டும். காசிமேடு கடைசி.